ஜேஎல்பிடி: மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது

மொத்த மதிப்பெண் தேறியும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் தோற்க முடியும். என்-5 முதல் என்-1 வரையான ஐந்து நிலைகளில் என்-1தான் மிகக் கடினம். அதற்கு முந்தைய நிலையான என்-2 தேர்ச்சிக்கு 180-க்கு 90 போதும். ஆனால் சொல்-இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகிய மூன்றிலும் தலா 60-க்கு 19 எடுத்தே ஆக வேண்டும். இலக்கணத்தில் 50, வாசிப்பில் 18, கேட்டலில் 45 வாங்கினால் கூட்டுத்தொகை 113. முடிவு தோல்விதான்.

வாசிப்பில் சறுக்குவதற்குப் பெரும்பாலும் நேரமே காரணம். என்-2வில் சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றும் 105 நிமிடத்தில் முடிக்க வேண்டிய ஒரே தாள். நீண்ட பத்திகள் கடைசியில்தான் வரும். முன்பகுதியை 35 நிமிடத்துக்குள் முடித்துப் பழகுங்கள். விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கத் தனி நேரம் கிடையாது; உடனுக்குடன் நிரப்பிவிடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால் என்று வாக்கிய அமைப்பு தமிழை ஒத்திருப்பதால் இலக்கணம் நமக்குச் சீக்கிரம் பிடிபடும். அந்தத் தெம்பில், சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளைத் தள்ளிப்போடுகிறவர்கள் என்-3 வாசிப்பில் திணறுகிறார்கள்.

தேவைக்குப் பொருந்தாத தேர்வுக்கு உழைப்பது இன்னொரு தவறு. 2019-இல் ஜப்பானில் வந்த தொகுதெய் கினோ (குறிப்பிட்ட திறன்) வேலை விசாவுக்கு மொழித் தகுதியாகப் பெரும்பாலான துறைகளில் என்-4 போதும். அதற்குப் பதிலாக, கணினியில் எழுதும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎஃப்டி பேசிக்கில் 250-க்கு 200 எடுத்தாலும் சரி. முதியோர் பராமரிப்பு வேலைக்கு அந்தத் துறைக்கான மொழித் தேர்வு தனியாக உண்டு. இளநிலைப் படிப்புக்குப் பல ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் கேட்பது, வெளிநாட்டு மாணவர்களுக்கான இஜேயு தேர்வு. அதில் கட்டுரையும் எழுத வேண்டும். உயர்திறன் பணியாளர் விசாவின் புள்ளிக் கணக்கில் என்-1க்கு 15, என்-2வுக்கு 10 கிடைக்கும்.

ஜேஎல்பிடியில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அதனால்தான் என்-2 சான்றிதழோடு போகிறவர் நேர்காணலில் தடுமாறுகிறார், மருத்துவமனையில் நோய் விவரப் படிவத்தை நிரப்பத் திகைக்கிறார். தினமும் கால் மணி நேரம் ஒலிப்பதிவைக் கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் முகவரி, வேலை அனுபவம், உடல் உபாதைகளைக் கையால் எழுதிப் பழகுங்கள். மரியாதை வழக்கான கெய்கோவையும் அலுவலகத்தில் சேருமுன்பே வாய்க்குப் பழக்குங்கள்.

சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஆனாலும் சில நிறுவனங்கள் அண்மையில் எழுதிய தேர்வையே ஏற்கும். விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள். சென்னையிலும் மையம் உண்டு. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும்.