நைரோபி தேசியப் பூங்கா: சிறிய காட்டுக்கு இரண்டு விடியல்கள்

குமுளியில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்யும் என்னிடம், ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த ஆண்டுகளில், ஆப்பிரிக்கக் காடு பார்க்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் வருவது வழக்கம். எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் கென்யாவின் புகழ்பெற்ற வனவிலங்குக் காப்பகமான மாசாய் மாரா. அதற்கு வேண்டிய நாளோ பணமோ இல்லாதவர்களுக்கு நான் கென்யத் தலைநகரை ஒட்டிய நைரோபி தேசியப் பூங்காவைச் சொல்கிறேன். 1946-இல் அமைந்த அது கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 117 சதுர கிலோமீட்டர், அதாவது 925 சதுர கிலோமீட்டர் கொண்ட நம் பெரியாறு புலிகள் காப்பகத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. சிறியதுதானே, விமானம் மாறும் இடைவெளியில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டு விடியற்காலைகளை ஒதுக்க முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன்.

முதலில் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். பூங்காவின் மூன்று பக்கமும் வேலி இருக்க, தெற்கே எம்பகாதி ஆற்றைத் தாண்டினால் திறந்த புல்வெளி; மழை பெய்து எங்கும் புல் முளைத்ததும் வரிக்குதிரைகளும் மான்களும் அந்தப் பக்கம் பரவிவிடுகின்றன, வறட்சியில் பூங்காவுக்குள் இருக்கும் அணைகளின் தண்ணீரைத் தேடித் திரும்புகின்றன. மார்ச் முதல் மே வரை பெருமழை. ஐப்பசி, கார்த்திகையில் கம்பம் பள்ளத்தாக்கில் மழை பிடிக்கும்போது அங்கேயும் குறுமழைக் காலம். ஆகவே ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதே நல்லது.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணச்சீட்டு வாங்கும் முன்பே இதைக் கவனியுங்கள். கென்யாவிலிருந்து திரும்புகிறவரிடம் இந்தச் சான்று இல்லையென்றால், நம் நாட்டு விமான நிலையத்திலேயே நிறுத்தி, ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சிங்கத்துக்கு அஞ்சாதவர்களும் இதற்கு அஞ்ச வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுவதும் போதும். சாதாரண மருத்துவமனையில் கிடைக்காது. கொச்சி வில்லிங்டன் தீவின் துறைமுகச் சுகாதார அலுவலகம், சென்னை கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் முன்பதிவு செய்து போட வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதியவர்களும் மருத்துவரிடம் முன்பே பேசிவிடுவது அவசியம். 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி வந்துள்ளது. அதைக் கென்ய அரசின் தளத்திலேயே நேரடியாக வாங்குங்கள், நடுவில் யாரும் வேண்டாம்.

வண்டி விஷயத்தில் நானே ஒருமுறை ஏமாந்தேன். வாடகை குறைவு என்று சாதாரணக் கார் ஒன்றைப் பேசி வைத்திருந்தேன். முந்தின இரவு பெய்த மழையில் பாதை குழைந்து கிடந்தது. அந்த மண் நம் கோவில்பட்டிக் கரிசலேதான். சக்கரத்தின் பள்ளமெல்லாம் அப்பிக்கொண்டு, வண்டி நகராமல் அதே இடத்தில் வழுக்கியது. இறங்கித் தள்ளலாம் என்றால், குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இன்னொரு வண்டி வந்து இழுக்கும் வரை நல்ல காலைப் பொழுது வீணாயிற்று. நான்கு சக்கரமும் இழுக்கும், மேற்கூரையைத் தூக்கி நின்று பார்க்க வசதியுள்ள வண்டியையே கேளுங்கள். நுழைவுக் கட்டணத்தை வாயிலில் ரொக்கமாக வாங்க மாட்டார்கள். இணையத்தில் முன்பே கட்டிவிடுங்கள்.

நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறரைக்கு விடிகிறது. ஆறு மணிக்கே வாயிலில் நின்றால், புல்லுக்கு நடுவே பாறை என்று நினைத்தது மெல்லத் தலை தூக்குவதைப் பார்க்கலாம்: காண்டாமிருகம். கருப்பு, வெள்ளை என்ற பெயரைக் கொண்டு நிறத்தில் வேறுபாடு தேடாதீர்கள், இரண்டும் சாம்பல்தான். கூரிய மேலுதட்டால் புதரைக் கடிப்பது கருப்பு. அகன்ற வாயைத் தரையோடு வைத்துப் புல் மேய்வது வெள்ளை. இந்தப் பூங்காவின் பெருமையே காண்டாமிருகம்தான். சிங்கம் தென்படலாம், உறுதி சொல்ல முடியாது. காட்டு யானை இங்கே இல்லை. நமக்கு அது குறையும் அல்ல, வண்டிப்பெரியாற்றுச் சாலையிலேயே பார்த்தவர்கள் நாம். தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் காப்பகம் பூங்காவின் ஓரத்தில் உள்ளது. முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் மட்டும் பார்க்க விடுவார்கள், அதற்கும் முன்பதிவு வேண்டும்.

நைரோபியின் உயரம் மூணாற்றின் உயரத்தை ஒட்டியது. ஆகவே ஜூலையில் கம்பளிச் சட்டை கட்டாயம். பிளாஸ்டிக் பைகளை 2017-இலேயே தடை செய்துவிட்டார்கள், பூங்காவுக்குள் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியும் கூடாது. எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். மூன்று செவ்வக முனை கொண்ட பிளக்குக்கு ஒரு அடாப்டர் வேண்டும். சைவச் சாப்பாட்டுக்கு, நைரோபியில் இந்திய வம்சாவளியினர் வாழும் பார்க்லேண்ட்ஸ் பகுதியில் தங்கினால் கவலை இல்லை. சப்பாத்தியும் சாயாவும் சுவாஹிலியிலும் ஏறக்குறைய அதே பெயர்தான்.