புலப்படத்தில் இருக்கும் பாதை தரையில் இருக்கிறதா? கடலூர், புதுச்சேரிச் சாலைகளை வரைவோர் செய்யும் தவறுகள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கடலூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளைச் சேர்க்க உட்காருபவர்கள் முதலில் தேடுவது, ஒவ்வொரு சர்வே எண்ணின் நிலத்தையும் அளந்து வரைந்த புலப்படத்தைத்தான் (எஃப்.எம்.பி.). சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்திலேயே எஃப்.எம்.பி. கிடைக்கிறது. வண்டிப்பாதைக்குக் கோடும் இருக்கிறது. அப்படியே நகலெடுத்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல்.

புலப்படம் வரையப்பட்டது நில எல்லைக்காக. அட்சரேகை, தீர்க்கரேகை அதில் கிடையாது. ஒரு புலம் 1:1000 அளவிலும் அடுத்தது 1:2000 அளவிலும் இருக்கலாம். அளவைப் பார்க்காமல் இரண்டையும் ஒட்டினால் பாதை நடுவயலில் முறிந்து நிற்கும். புறம்போக்கின் அகலத்தைச் சாலையின் அகலமாகப் பதிவதும் தவறு. பதிவேட்டில் 6 மீட்டர் இருக்கும். தரையில் 3 மீட்டர் தார், மீதியெல்லாம் கருவேலம். சில பாதைகள் உழவுக்குள் போய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். மனைப்பிரிவு வரைபடத்தில் இதற்கு நேர்மாறு: 30 அடிச் சாலை என்று அழகாகக் கோடு ஓடும், போய்ப் பார்த்தால் கல் நட்ட தரிசு. போடாத சாலையைப் ‘ப்ரப்போஸ்டு’ (திட்டத்தில் இருப்பது) என்று குறிக்கலாம், அல்லது விட்டுவிடலாம். ‘ரெசிடென்ஷியல்’ (குடியிருப்புச் சாலை) என்று போட்டால் யாராவது வண்டியை அங்கே விடுவார்கள்.

ஆக, புலப்படம் ஒரு துப்பு, அவ்வளவே. அதைப் பார்த்து இடத்துக்குப் போங்கள். ஜிபிஎஸ் பதிவை நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துப் போக ஒருமுறை, வர ஒருமுறை ஓட்டி, இரண்டு தடத்துக்கும் நடுவில் வரையுங்கள். செயற்கைக்கோள் படம் சில மீட்டர் விலகியிருந்தால் படத்தைத்தான் தடத்தோடு பொருத்த வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சாலைகளைப் படத்துக்காக நகர்த்தாதீர்கள்.

உரிமத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடிவதும் நகலெடுக்க உரிமை இருப்பதும் ஒன்றல்ல. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீடுகளுக்கு 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் வாங்கினாலும் இந்த நிலை மாறாது. 2017இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமத்தில் வெளியானது என்று எழுதியிருந்தால்கூட, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தன் தரவை வெளியிடும் ஓடிபிஎல் உரிமத்தோடு அது தானாகப் பொருந்திவிடும் என்று எடுத்துக்கொள்ளாமல், துறையிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

ஆயத்தொலைவுத் தவறு வேடிக்கையானது. கடலூர் ஏறத்தாழ 11.75 வடக்கு, 79.77 கிழக்கு. எக்செலில் இந்த இரண்டு பத்திகளும் இடம் மாறினால் கடலூரின் மஞ்சக்குப்பம் வடதுருவம் பக்கத்தில் ஸ்வால்பார்டு தீவில் போய் விழும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. கண்ணுக்குத் தப்புவது வேறு: எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய புவி மாதிரியில் தயாரான சர்வே ஆஃப் இந்தியா தாளை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 மாதிரி என்று நினைத்து ஏற்றினால் எல்லாம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும், ஆனால் பார்க்கச் சரியாகவே தெரியும். மென்பொருள் யுடிஎம் (மீட்டரில் இடம் குறிக்கும் முறை) மண்டலம் கேட்டால் நம் பகுதிக்கு 44 வடக்கு.

தேசிய நெடுஞ்சாலை எண்களில் 2010க்கு முந்தைய வரைபடத்தை நம்பவே கூடாது. அன்றைய 45ஏ இன்று ஒரே எண்ணில் இல்லை: விழுப்புரம்–புதுச்சேரித் துண்டு 332, புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கிப் போவது 32. திண்டிவனம்–புதுச்சேரிச் சாலைக்கு அப்போது இருந்த 66ஐ இன்று பன்வேல்–கன்னியாகுமரிச் சாலை வைத்திருக்கிறது. பழைய எண்ணை அதற்கான ‘ஓல்டு_ரெஃப்’ குறிச்சொல்லில் போடுங்கள். புதுச்சேரியில் ஒரே தெருவுக்கு வழங்கும் புஸ்ஸி வீதி, லால் பகதூர் சாஸ்திரி வீதி போன்ற இரட்டைப் பெயர்களிலும் ஒன்றை அழித்து மற்றதை எழுத வேண்டாம். ஊரில் வழங்கும் மற்றப் பெயருக்கு ‘ஆல்ட்_நேம்’ இருக்கிறது.

பிடிஎஃபிலிருந்து தமிழ்ப் பெயரை நகலெடுப்பவர்கள் எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். வானவில், பாமினி போன்றவை யூனிகோடு அல்ல, ஒட்டினால் குப்பையாக வரும். மாற்றிய பிறகும் ‘கௌ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கெ’யும் ‘ள’வும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடினால் கிடைக்காது.

கடைசியாக எல்லை. புதுச்சேரிப் பகுதி தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கடலூர் மாவட்டச் சாலைப் பட்டியல் எல்லையோடு நின்றுவிடும். புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) சாலைகள் வேறு அரசின் தரவில் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக ஏற்றினால் எல்லையில் உள்ள முள்ளோடை போன்ற இடத்தில் இரு கோடுகளும் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரியும், புள்ளி மட்டும் இணைந்திருக்காது. பதிவேற்றும் முன், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தும் மென்பொருளான ஜோஸத்தின் சரிபார்ப்பானை ஓட்டுங்கள். அதன்பின் மேப் புதுப்பிக்கப்பட்டதும் பாகூரிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். தேவையில்லாமல் சுற்றிக் காட்டினால், எல்லையில் நன்றாகப் பெரிதாக்கி, ஒட்டாத அந்த இரண்டு புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து ‘மெர்ஜ்’ கொடுங்கள்.