வாடகை வீட்டுக்கென ஒதுக்கும் பணமும் வருமான வரியும்

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா போன்ற ஊர்களில் சரிவில் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், கூரைத் தகரம் மாற்றவும் மழையில் இடிந்த பக்கச்சுவரை மீண்டும் கட்டவும் மாதந்தோறும் வாடகையில் ஒரு பங்கை வங்கியில் ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கமே. ஆனால், அப்படி ஒதுக்கிய தொகையை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. வருங்காலச் செலவை எதிர்பார்த்து ஒதுக்கும் பணத்தை 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் கழிவாக ஏற்பதில்லை. பணத்தை வேறு வங்கிப் புத்தகத்தில் போட்டதால் அது வருமானம் இல்லையென்று ஆகிவிடாது.

முதலில், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை கைக்கு வந்த வாடகை முழுவதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாதம் 60,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 720,000 ரூபாய். அதில் மாதம் 10,000 ரூபாயை ஒதுக்கியிருந்தாலும் 720,000 ரூபாயையே காட்ட வேண்டும். தனிநபர்களுக்கு, திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்காக மொத்த வாடகையில் 25 சதவீதம், அதாவது இங்கே 180,000 ரூபாய், நிவாரணமாக (வரி கணக்கிடுமுன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகையாக) கிடைக்கும். ஓர் ஆணிகூட அடிக்காத ஆண்டிலும் இது உண்டு என்பதால், ஒதுக்கீட்டுக்குக் கழிவு இல்லையே என்ற குறையை இதுவே பெருமளவு ஈடுசெய்கிறது என்பது என் எண்ணம். ஆனால் இந்த நிவாரணத்தைக் கோருபவர், அதே திருத்தத்துக்கோ பராமரிப்புக்கோ உண்மையில் செலவிட்ட தொகையையும் சேர்த்துக் கழிக்கக் கூடாது. கம்பனியின் பெயரிலுள்ள வீட்டுக்கு இந்த நிவாரணம் இல்லை.

வீட்டில் புதிதாக ஓர் அறை கட்டினால் அது திருத்தம் அல்ல. அந்தச் செலவு சொத்தின் கிரயத்தோடு (அடக்க விலையோடு) சேர்ந்து, பின்னாளில் விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது விற்பனை இலாபத்தைக் கணக்கிடுகையில், பயன்படும் என்பதால் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒதுக்குக் கணக்கில் சேரும் வட்டியும் தனியே வருமானமாகும். 2025 ஏப்ரல் முதல் வங்கி அந்த வட்டியில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்கிறது; வங்கி தரும் சான்றிதழைக் காட்டி அத்தொகையை உங்கள் வரியில் ஈடுசெய்யலாம்.

குடியிருப்பவர் தரும் முற்பணத்தையும் பலர் இதே கணக்கில் போடுகிறார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய வைப்பு வருமானம் அல்ல. முன்கூட்டியே வாங்கிய வாடகையோ, கைக்கு வந்த ஆண்டின் வருமானமே. ஆகவே இரண்டையும் ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுங்கள்.

2025/2026 மதிப்பீட்டாண்டு முதல் தனிநபர் நிவாரணம் 1,800,000 ரூபாய். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றோடு வாடகையையும் சேர்த்தபின் மொத்தம் அதைத் தாண்டினால், ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிகளில் தவணை வரியைச் செலுத்தி, ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 ஆம் திகதிக்குள் வருமான விவரத்திரட்டை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும்.