அப்பாவின் லுங்கியில் சுருக்குப் பை, பழைய காலண்டரில் மொய்க் கவர்

எங்கள் ரங்கூன் வீட்டில் பழைய லுங்கியை யாரும் தூக்கிப் போட்டதில்லை. முதலில் தலையணை உறை, அப்புறம் குழந்தைக்குத் தொட்டில் துணி, கடைசியில் கரித்துணி. அப்பா போனபின் அவருடைய ஏழு லுங்கிகளையும் கரித்துணியாக்க எனக்கு மனம் வரவில்லை. சுருக்குப் பைகளாகத் தைத்து அண்ணனுக்கும் தங்கைகளுக்கும் அத்தைக்கும் கொடுத்தேன். அத்தை இன்றைக்கும் வெற்றிலை பாக்கை அதில்தான் வைத்திருக்கிறார். அன்றிலிருந்து கல்யாணமோ தீபாவளியோ, நான் கொடுப்பது இந்தப் பையும் அதற்குள் நானே ஒட்டிய ஒரு கவரும்தான். மெஷின் தேவையில்லை. கரண்ட் போன இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில்கூடத் தைத்திருக்கிறேன். அந்த மெழுகுவத்தியும் வேலைக்கு உதவும், பின்னால் சொல்கிறேன்.

தையலுக்கு முன்னால் இழை பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டி எனக்கு முதலில் ஊசியைக் கொடுக்கவில்லை, துணியைத்தான் கொடுத்தார். நெசவில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. துணியை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாவு வாட்டில் நீளவே நீளாது, ஊடை வாட்டில் கொஞ்சம் நீளும், மூலைவாட்டில் ரப்பர் மாதிரி நீளும். ஒரு முறை சித்தி மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை 40 தைத்தேன். துணியை மிச்சம் பிடிக்க நினைத்து அங்கங்கே சாய்வாக வெட்டிவிட்டேன். தைத்து முடித்தபோது நன்றாகத்தான் இருந்தன. தேங்காயும் பழமும் போட்டதும் பாதிப் பைகள் ஒரு பக்கமாகத் தொங்கின, வாய் கோணிப்போனது. அன்று பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இழையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

லுங்கியில் பாவு இடுப்பைச் சுற்றி ஓடும். நெசவின் கரை இடுப்பிலும் கணுக்காலிலும் வரும். பை தொங்குகிற பொருள், பாரத்தைப் பாவுதான் தாங்க வேண்டும். ஆகவே பையின் நீளத்தை லுங்கியின் சுற்றளவு வாட்டில் எடுங்கள். பழைய லுங்கி என்றால் தையலைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடம் வலை மாதிரி தெரியும், அதை விட்டுவிடுங்கள். கணுக்கால் கரையை ஒட்டிய பகுதி பெரும்பாலும் நன்றாக இருக்கும். புதுத் துணி வாங்குகிறவர்கள் ரங்கூனின் தெய்ன்ஜி சந்தையில் துண்டுத் துணி கேட்கலாம் (என் பாட்டிக்கு அது கடைசிவரை பழைய பெயரில் சூரத்தி பஜார்தான்). புதுத் துணியைத் தைக்கும் முன் இரண்டு முறை அலசிக் காயவைத்துவிடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கட்டும், சாயம் போகிற துணியா என்பதும் தெரிந்துவிடும்.

சரி, வெட்டலாம். 8 அங்குல அகலம், 22 அங்குல நீளம். நேராக வெட்ட ஸ்கேலை நம்பாதீர்கள். ஓரத்தில் கத்தரியால் சின்ன வெட்டுப் போட்டு, அங்கே ஒரே ஒரு நூலைப் பிடித்து மெல்ல உருவுங்கள். நூல் போன இடத்தில் துணியில் ஒரு கோடு விழும். அதன்மேலேயே வெட்டினால் இழை தப்பாது. கட்டம் போட்ட லுங்கி என்றால் கட்டமே வழிகாட்டும்.

துண்டை நல்ல பக்கம் உள்ளே வரும்படி பாதியாக மடியுங்கள். மடிப்புதான் பையின் அடி, அங்கே தையலே கிடையாது, அதனால் பிரிவதற்கும் ஒன்றுமில்லை. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எங்கள் கூரைத் தகடு பறந்து வீடெல்லாம் நனைந்தது. அட்டைப் பெட்டிகள் கூழாகிப் போயின. பாட்டியின் சுருக்குப் பை மட்டும் சாவிக்கொத்தும் தோடுமாக அப்படியே கிடந்தது. பிழிந்து காயப் போட்டோம், அவ்வளவுதான்.

நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். இரட்டை நூலாக்கி, மெழுகுவத்தியின்மேல் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். முடிச்சு விழாது, ஈரக் காற்றிலும் நூல் பிசிராது. பக்கங்களை ஓரத்திலிருந்து ½ அங்குலம் உள்ளே தள்ளி, அடியிலிருந்து மேலே தையுங்கள். சாதா ஓட்டுத் தையல் போதாது. ஒரு தையல் முன்னே போய் பாதி பின்னே வரும் பின்தையல் போடுங்கள். மேல் ஓரத்துக்கு 2¾ அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, அந்த இடத்தில் மூன்று முறை ஒரே இடத்தில் குத்தி இறுக்குங்கள். சுருக்கும்போது இழுபடும் இடம் இதுதான். பிரிகிற ஓரங்களைச் சுற்றிச் சுற்றித் தைத்துவிடுங்கள்.

தைக்காமல் விட்ட மேல் பகுதியின் பக்க ஓரங்களை உள்பக்கமாக மடித்து ஓட்டுத் தையல் போடுங்கள். அப்புறம் வாய் ஓரத்தை ¼ அங்குலம் மடித்து, மறுபடி 1¼ அங்குலம் மடித்து, அந்த மடிப்பின் கீழ் விளிம்போடு தையுங்கள். முன்னும் பின்னும் இரண்டு குழாய்கள் கிடைக்கும். 24 அங்குல நாடா இரண்டு வேண்டும். பர்மாவில் பெண்கள் லுங்கிபோல் உடுத்தும் தமெய்னின் இடுப்பில் கறுப்புப் பருத்திப் பட்டை ஒன்று வருமே, அதைக் கிழித்து மடித்துத் தைத்தால் அதைவிட நல்ல நாடா இல்லை. ஊக்கில் கோத்து, ஒரு நாடாவை வலப்பக்கம் நுழைத்து இரண்டு குழாயிலும் சுற்றி வலப்பக்கமே எடுங்கள். இன்னொன்றை இடப்பக்கம் அதேபோல. இரு பக்கமும் இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும்.

இனி கவர். காகிதத்துக்கும் துணியைப்போலவே ஓட்டம் உண்டு. மெஷினில் செய்த எந்தக் காகிதத்திலும் நார்கள் பெரும்பாலும் ஒரே வாட்டில் படுத்திருக்கும். காலண்டர் தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, மடிப்பு அந்த வாட்டில் விழ வேண்டும். மாற்றி மடித்தால் மடிப்பு வெடிக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் ஊதும். மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டும் நம் ஊரில் கவர்கள் சுருண்டுகொள்வது இதனால்தான்.

8 அங்குலச் சதுரம் வெட்டுங்கள். கீழிருந்து 3¼ அங்குலத்தில் ஒரு கோடு, அதற்குமேல் 3½ அங்குலத்தில் இன்னொன்று. மீதி 1¼ அங்குலம் மூடி. இந்தக் கோடுகள் காகித ஓட்டத்தோடு போக வேண்டும். இரு பக்கமும் ஓரத்திலிருந்து ½ அங்குலத்தில் கோடு போட்டு, அந்த ஓரப் பட்டைகளை நடுப்பகுதியில் மட்டும் காதுகளாக விட்டுவிட்டு, மேலும் கீழும் உள்ளதை நறுக்கிவிடுங்கள். மை தீர்ந்த பேனாவால் கோடுகளை அழுத்தி இழுத்து, ஸ்பூனின் முதுகால் மடிப்பைத் தேய்த்தால் கடையில் வாங்கியதுபோல் இருக்கும். காதுகளை உள்ளே மடித்து, பசை தடவி, கீழ்ப்பகுதியை அவற்றின்மேல் ஒட்டுங்கள். 7 அங்குல நீளம் வரும், 10,000 சாட் நோட்டு மடிக்காமல் உள்ளே போகும்.

பசைக்கு 2 ஸ்பூன் மைதாவை 10 ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறுங்கள். அந்தக் காலத்து பைண்டிங்காரர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். கொஞ்சமாகக் காய்ச்சி அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மெல்லியதாகத் தடவுங்கள், கனத்த பசையைத்தான் கரப்பான் தேடி வரும்.

பணம் இருந்தால் ஷான் மாநிலத்துப் பிண்டயா ஊரில் கையால் செய்கிற ஷான் காகிதம் வாங்கிக்கொள்ளலாம். மல்பெரிப் பட்டைக் கூழைச் சட்டத்தில் ஊற்றி, பூவிதழ் தூவி, வெயிலில் காயவைப்பது. கையால் ஊற்றுவதால் அதில் ஓட்டம் அவ்வளவாகத் தெரியாது, எந்தப் பக்கமும் மடிக்கலாம். ஆனால் பசையை உறிஞ்சிவிடும். விரல் நுனியால் தொட்டு வைத்தால் போதும்.

ஒட்டிய கவர்களை அடுக்கி, இரண்டு பழைய தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக் குழவியை வைத்துவிடுங்கள். ஓர் இரவு முழுக்கக் காயட்டும். ஈரம் போகுமுன் அவசரப்பட்டுப் பைக்குள் போட்டால் துணியில் பசை பிடித்துக்கொள்ளும்.