கேட் எழுதி எம்.டெக். கணினி அறிவியலில் சேர்வது எப்படி?

நல்ல ரேங்க் வாங்கியும் நான் ஓர் இடத்தைக் கோட்டைவிட்டிருக்கிறேன். கேட் (பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான தேசிய நுழைவுத்தேர்வு) முடிவு வந்தது, மதிப்பெண் அட்டையைப் பதிவிறக்கிக்கொண்டு யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். அந்தக் கல்வி நிறுவனத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதே கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் விடுதி நண்பன் சொல்லி. படிப்பதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பட்டம்?

எம்.டெக். இரண்டு ஆண்டு. முதல் ஆண்டில் பெரும்பாலும் வகுப்புகள், இரண்டாம் ஆண்டில் புராஜெக்ட். எம்.எஸ். (ஆய்வு) என்பது வேறு. சென்னை ஐஐடி போன்ற இடங்களில் வகுப்புகள் குறைவு, ஆய்வேடுதான் பிரதானம். கேட் ஸ்கோர் உங்களை அழைப்புப் பட்டியலில் சேர்க்கும், இடம் கிடைப்பது அவர்கள் வைக்கும் தேர்வையும் நேர்காணலையும் பொறுத்தது. ரேங்க் கொஞ்சம் பின்னே இருந்தாலும் அடிப்படை உறுதியாக உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. பலர் ஏனோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கேட் மூலம் முழுநேர எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பதிலுக்கு வாரம் 8 மணி நேரம் ஆய்வகத்தில் உதவுவது, விடைத்தாள் திருத்துவது போன்ற வேலைகள் இருக்கும். தமிழ்நாட்டுக்குள் அண்ணா பல்கலைக்கழகத்திலோ அதன் இணைப்புக் கல்லூரிகளிலோ எம்.இ. போதும் என்றால் சீட்டா நுழைவுத்தேர்வும் இருக்கிறது.

படி 2: விண்ணப்பமும் சான்றிதழும்

வழக்கமாக ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ விண்ணப்பப் பதிவு நடக்கும், தேர்வு பிப்ரவரியில். இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், ஸ்கோர் மூன்று ஆண்டு செல்லும். பெங்களூரு ஐஐஎஸ்சியும் ஏழு ஐஐடிகளும் முறைவைத்து நடத்துவதால் இணையதள முகவரி ஆண்டுதோறும் மாறும். பழைய முகவரியில் போய்த் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, இனிஷியல். தேர்வு மையத்துக்கு எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோவீர்களோ, அதில் பெயர் இருப்பதைப் போலவே விண்ணப்பத்திலும் இருக்கட்டும். மற்றொன்று, சாதிச் சான்றிதழ். பள்ளிக் காலத்தில் வாங்கி வைத்த பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் ஐஐடியில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் வேண்டும், அதுவும் அண்மையில் வாங்கியதாக. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடக்க வேண்டியிருக்கலாம். சேர்க்கைக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள்.

படி 3: படிப்பு

மொத்தம் 65 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் பொதுத்திறனுக்கு 15, கணிதத்துக்குச் சுமார் 13. மீதியெல்லாம் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், கம்பைலர், கணினி அமைப்பு என்று கல்லூரியில் படித்த பாடங்கள்தாம்.

கேஷ் என்பது கணினியின் அதிவேகத் தற்காலிக நினைவகம். கல்லூரித் தேர்வில் "கேஷ் என்றால் என்ன? விவரி" என்று கேட்பார்கள். கேட் தாளில் அதே பாடம் இப்படி வரும்: 32 கிலோபைட் கேஷ், ஒரு பிளாக் 64 பைட், நான்கு-வழி செட் அசோசியேட்டிவ், முகவரி 32 பிட். டேக் எத்தனை பிட்?

பேனாவை எடுங்கள். 32 × 1024 என்பதை 64-ஆல் வகுத்தால் 512 பிளாக். ஒரு செட்டுக்கு நான்கு என்றால் 128 செட், அதைக் குறிக்க 7 பிட். பிளாக்குக்குள் பைட்டைக் குறிக்க 6 பிட். 32-இல் 13 போக டேக் 19 பிட்.

கருத்து எளிது, கணக்கில் ஓர் இரண்டால் பெருக்க மறந்தால் எல்லாம் போச்சு. ஆகவே ஒரு பாடத்தின் என்பிடெல் (ஐஐடிகளின் இலவச இணைய வகுப்புத் தளம்) வகுப்புகளைக் கேட்டு முடித்த கையோடு, அந்தப் பாடத்தின் பழைய கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். வகுப்பு முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுப் பிறகு கணக்குப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஜனவரி வந்துவிடும், கணக்கு வராது.

படி 4: தேர்வு அறை

தேர்வு கணினியில்தான். விசைப்பலகை வேலை செய்யாது. எண் விடைகளையும் திரையில் உள்ள பொத்தான்களை மவுஸால் அழுத்தித்தான் இட வேண்டும், கால்குலேட்டரும் திரையில்தான். வீட்டில் மாதிரித் தேர்வை அப்படியே எழுதிப் பழகுங்கள், எரிச்சல் குறையும்.

நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் ஒரு மதிப்பெண் கேள்வி தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழியும், இரண்டு மதிப்பெண் என்றால் மூன்றில் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளை அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: வந்த ஒன்றும் போய்விடும். ஒரே ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தாலே கணக்கு உங்கள் பக்கம் சாயும். பல விடை சரியான கேள்விகளுக்கும் எண் விடைக் கேள்விகளுக்கும் கழிவு கிடையாது, அவற்றை வெறுமையாக விட்டு வராதீர்கள்.

படி 5: முடிவுக்குப் பிறகு

மார்ச்சில் முடிவு வரும். ஐஐடிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதோடு ஐஐடி இடங்களுக்கான பொதுத் தளமான கோஆப்பிலும் பதிவு வேண்டும். இடங்களை ஏற்பதும் மறுப்பதும் அந்தத் தளத்தில்தான். என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்ற வேறு கவுன்சலிங். இரண்டிலும் பதிந்து வையுங்கள்.

கோஆப்பில் இடம் வந்தால் மூன்று வழி: ஏற்று முடித்துக்கொள்ளலாம், கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றைப் பார்க்கலாம், மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம். மறுத்தது திரும்ப வராது. பிடித்த இடம் பட்டியலில் மேலே இருக்கிறது, முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் உங்கள் ஸ்கோருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால் மட்டும் காத்திருங்கள். சுற்று திறந்திருக்கும் நாள்களில் ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம் என்று எங்கே இருந்தாலும் கைப்பேசியில் டேட்டா இருக்கட்டும். பதில் சொல்லாமல் விட்டாலும் இடம் போய்விடும்.