இங்கிலாந்துல ஓரங்க நாடகப் போட்டிக்கு உங்க குழுவ கூட்டிட்டுப் போறது எப்படி

முதல்ல நேரத்தப் பத்திப் பேசிடலாம், ஏன்னா ரொம்ப நல்லா நடிச்ச குழுக்கள் இதுலதான் அடி வாங்குறத நான் பாத்திருக்கேன். ஆல் இங்கிலாந்து தியேட்டர் ஃபெஸ்டிவல்ல உங்க நாடகம் 20 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, 55 நிமிஷத்த தாண்டக் கூடாது, செட் போட 10 நிமிஷம், எல்லாத்தையும் அள்ளிட்டு வெளிய போக 5 நிமிஷம், அவ்ளோதான். சைடுல ஒருத்தர் ஸ்டாப்வாட்ச்சோட நிப்பாரு. அதனால ஒத்திகையில உங்க நாடகம் 54 நிமிஷம் வருதுன்னா அது போட்டிக்கு ரெடி இல்லன்னு எடுத்துக்கோங்க, ஆடியன்ஸ் சிரிக்கிற நேரம் இருக்கு, பதட்டத்துல ஒருத்தர் வசனத்த விட்டுட்டு திரும்பப் பிடிக்கிற நேரம் இருக்கு, அதெல்லாம் சேர்ந்து ஈஸியா அஞ்சு நிமிஷம் ஏறும். நான் எங்க குழுவுக்கு வச்சிருக்கிற கணக்கு 45 நிமிஷம்.

இந்த விழா பத்தித் தெரியாதவங்களுக்கு: இங்க ஊருக்கு ஊர் அமெச்சூர் நாடகக் குழு இருக்கு, பகல்ல வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் சர்ச் ஹால்ல ஒத்திகை பாக்குற சாதாரண ஜனங்கதான், நம்ம ஊர் சபா நாடகக் குழு மாதிரியேதான். இவங்களுக்குள்ள நடக்கிற ஓரங்க நாடகப் போட்டி 1920கள்லயே ஆரம்பிச்சது, பிரிட்டிஷ் டிராமா லீக்னு ஒரு அமைப்பு 1919ல ஜெஃப்ரி விட்வொர்த்னு ஒருத்தர் தொடங்கினது, அவங்கதான் இதுக்கு அடித்தளம் போட்டாங்க. இப்ப உள்ளூர் விழா முதல் சுற்று, அப்புறம் காலிறுதி, அப்புறம் வடக்கு, மத்திய, கிழக்கு, மேற்குன்னு நாலு ஏரியாவுக்கும் அரையிறுதி, அதுல ஜெயிக்கிறவங்க இங்கிலீஷ் ஃபைனல். அங்க முதல் இடம் வந்தா பிரிட்டிஷ் ஃபைனல், அதுல ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல ஜெயிச்ச குழுக்களோட மோதணும். இங்க இருக்கிற தமிழ்ச் சங்கங்கள்ல பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் மூணு மாசம் ஒத்திகை பாத்து ஒரே ஒரு நாள் போட்டுட்டு மூட்டை கட்டி வைக்கிறவங்க நிறைய பேர் எனக்குத் தெரியும், அவ்ளோ உழைப்ப ஒரு நாளோட முடிச்சுக்கிறாங்களேன்னு எனக்கு உண்மையிலயே ஆதங்கம், அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

முதல் சுற்றுகள் வருஷ ஆரம்பத்துல, குளிர் முடியிற சமயத்துல நடக்கும், இங்கிலீஷ் ஃபைனல் கோடை தொடக்கத்துல வரும். அப்படின்னா முந்தின வருஷம் செப்டம்பர்லயே நாடகத்த முடிவு பண்ணிடுங்க, பக்கத்துல எந்த ஊர்ல விழா நடக்குதுன்னு பாத்து சீக்கிரமே பேர் குடுங்க, ஒரு ராத்திரிக்கு மூணு நாடகம்தான் போட முடியும், இடம் நிரம்பிடும். அடுத்த சுற்றுக்குப் போக விருப்பமான்னு ஃபார்ம்ல கேட்டா ஆமான்னு போடுறதுக்கு முன்னாடி எல்லா நடிகர்கள்கிட்டயும் மே, ஜூன் வரைக்கும் லீவு பிளான் கேட்டுக்கோங்க, ஜெயிச்சதுக்கப்புறம் ஹீரோயின் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கேன்னு சொன்னா என்ன பண்றது?

இப்ப நாடகம். அச்சுல வந்த நாடகம் எடுத்தா லைசென்ஸ் வாங்கணும், கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ், நிக் ஹெர்ன் புக்ஸ் மாதிரி பதிப்பாளர்கள்கிட்ட அமெச்சூர் லைசென்ஸ் கிடைக்கும். ஒரு வரிய வெட்டணும்னாகூட, ஆம்பள பாத்திரத்த பொம்பள பாத்திரமா மாத்தணும்னாகூட எழுத்துல அனுமதி வாங்கணும், பெரிய நாடகத்துலேர்ந்து ஒரு பகுதிய எடுத்து 50 நிமிஷமாக்கலாம்னு நினைச்சா அதுக்கும் அதேதான். ஆனா என் அபிப்ராயம், நீங்களே எழுதுங்க. ராயல்டி கிடையாது, நீளத்த இஷ்டத்துக்குக் குறைக்கலாம், நடிக்க வர்றவங்களுக்கு ஏத்த மாதிரி எழுதலாம், புது ஸ்கிரிப்டுக்குன்னே தனிப் பரிசு வைக்கிற விழாக்களும் இருக்கு. பிரிட்டிஷ் ஃபைனல்லயே சிறந்த புது நாடகத்துக்குக் குடுக்கிற கோப்பை அந்த விட்வொர்த் பேர்லதான் இருக்கு. இங்க வந்து குடியேறின ஒரு குடும்பத்தோட கதை, சமையல்கட்டு மேஜைல நடக்கிற ஒரு சண்டை, இதெல்லாம் அந்த மேடைல இன்னும் நிறைய வரணும்.

மார்க் எப்படிப் போடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுதான் இதுல பெரிய விஷயம், இத நிதானமா படிங்க. நடுவர அட்ஜூடிகேட்டர்னு சொல்வாங்க, ஒரே ஒருத்தர்தான் இருப்பாரு. கில்ட் ஆஃப் டிராமா அட்ஜூடிகேட்டர்ஸ்னு ஒரு அமைப்போட முறைப்படி 100க்கு மார்க்: நடிப்புக்கு 40, ப்ரொடக்ஷனுக்கு 35, ஸ்டேஜ் பிரசன்டேஷனுக்கு 15, மீதி 10 டிரமாட்டிக் அச்சீவ்மென்ட், அதாவது நாடகம் மொத்தமா எவ்ளோ தாக்கம் குடுத்துச்சுங்கிறதுக்கு. நம்ம ஆளுங்க எல்லாரும் அந்த 40லயே கண்ண வச்சிட்டு வசனத்த உருப்போடுறாங்க. ப்ரொடக்ஷன்னா டைரக்டரோட வேலை, யார் எங்க நிக்கிறாங்க, வேகம் எங்க ஏறுது எங்க இறங்குது, எந்த இடத்துல மௌனம் விடுறோம், கதையோட உள்ளர்த்தம் டைரக்டருக்குப் புரிஞ்சிருக்கா, எல்லாம் அதுல அடங்கும். நாலு பேரும் வரிசையா முன்னாடி வந்து மைக் பாத்துப் பேசிட்டு நகர்ற பழக்கம் நம்மகிட்ட உண்டு, ஆண்டு விழா மேடைல மைக் ஒண்ணுதான் இருக்கும், அதனால வந்த பழக்கம் அது. இங்க மைக் இல்லாம பேசணும், ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசணும், பேசாத ஆளும் கேட்டுட்டு இருக்கணும், சும்மா தன் முறைக்காக நிக்கக் கூடாது. இத மட்டும் சரி பண்ணாலே அந்த 35ல உங்களுக்கு நல்லா ஏறும்.

ஸ்டேஜ் பிரசன்டேஷனோட அந்த 15 மார்க், செட், லைட், சவுண்ட், டிரெஸ், மேக்கப் எல்லாத்துக்கும் சேர்த்து. 10 நிமிஷத்துல என்ன போட முடியுமோ அதுதான் செட். கறுப்புத் திரை பெரும்பாலும் மேடையிலயே இருக்கும், அதுக்கு முன்னாடி ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஒரு சாமி படம் போதும், நாடகத்துக்குத் தேவைன்னா ஒரு கதவு. கதவுன்னதும் சொல்றேன், ஒரு வருஷம் நாங்க நிஜக் கதவும் சட்டமும் செஞ்சு வேன்ல கொண்டு போனோம், பின்னாடி முட்டுக் குடுக்கிற கட்டைக்கு வெயிட் வைக்க மறந்துட்டோம், ஹீரோ கோவத்துல கதவ அடிச்சதும் மொத்த சுவரும் ஆடிச்சு, அந்த சீனோட கனமே போச்சு. அடுத்த வருஷம் வெறும் சட்டம் மட்டும், கதவு சாத்துற சத்தத்த சைடுலேர்ந்து குடுத்தோம், யாருக்கும் குறை தெரியல. செட்ட வீட்டுத் தோட்டத்துல டேப் ஒட்டி மேடை அளவு குறிச்சு, டைமர் வச்சு, யார் எதத் தூக்கறாங்கன்னு பேர் எழுதி, ஆறேழு தடவ போட்டுக் கலைச்சுப் பாருங்க. துணி, மரம் எல்லாத்துக்கும் தீப்பிடிக்காத ஸ்ப்ரே அடிச்சிருக்கணும், குத்துவிளக்கு நிஜமா ஏத்தணும்னா தியேட்டர்கிட்ட முன்னாடியே அனுமதி கேக்கணும். எல்ஈடி விளக்கே போதும், தூரத்துல அழகாத்தான் தெரியும்.

லைட்டுக்கு தியேட்டர்ல ஏற்கெனவே மாட்டி வச்சிருக்கிறதத்தான் எல்லாக் குழுவும் பொதுவா பயன்படுத்தணும், டெக் ரிஹர்சலுக்கு, அதாவது லைட், சவுண்ட் சரிபாக்கிற ஒத்திகைக்கு, உங்களுக்குக் கிடைக்கிற நேரமும் கொஞ்சம்தான். அங்க போய் வசனம் சொல்லிப் பாக்காதீங்க. க்யூவுலேர்ந்து க்யூவுக்குத் தாவுங்க, அதாவது லைட் மாறுற இடம், சத்தம் வர்ற இடம் மட்டும். ஸ்டேஜ் மேனேஜர் கையில ஒரு ஃபைல், அதுல ஸ்கிரிப்ட்டும் ஓரத்துல க்யூ நம்பரும். நாப்பது க்யூ இருந்தா இருபதாக் குறைச்சிடுங்க.

குழந்தைங்க நடிச்சா கவுன்சில்ல கேட்டுடுங்க, லைசென்ஸோ விலக்கோ தேவைப்படும், குழந்தைங்களப் பாத்துக்கிற ஷாப்பரோனும் வேணும். இன்னொண்ணு, நாடகத்துல சிகரெட் பிடிக்கிற சீன் இருந்தா எடுத்துடுங்க, ஸ்காட்லாந்துலயும் வேல்ஸ்லயும் மேடைல நிஜ சிகரெட்டுக்கு சட்டத்துல இடமே இல்ல, பிரிட்டிஷ் ஃபைனல் வருஷா வருஷம் நாலு நாட்டுக்கும் மாறி மாறிப் போகும், நீங்க அங்க போக வேண்டி வரலாம்.

போட்டி ராத்திரி, எல்லா நாடகமும் முடிஞ்சதும் அட்ஜூடிகேட்டர் மேடைக்கு வந்து ஒவ்வொரு நாடகத்தப் பத்தியும் ஆடியன்ஸ் முன்னாடியே விமர்சனம் பண்ணுவாரு. நம்ம பக்கத்துல இந்தப் பழக்கம் ரொம்பக் கம்மி, நம்ம மேடைல நாடகம் முடிஞ்சா பொன்னாடையும் பாராட்டும்தான், அதனால முதல் தடவ கேக்குறவங்களுக்கு முகம் சுருங்கிடும். தயவுசெஞ்சு மேக்கப் கலைக்கப் போகாம எல்லாரும் ஹால்ல வந்து உக்காருங்க, ஒருத்தர் நோட்டுல எழுதிட்டே இருக்கட்டும், உங்க நாடகத்துக்கு மட்டுமில்ல, மத்த குழுக்களுக்கு சொல்றதையும். எங்க டைரக்டர் அக்கா ஒருத்தங்க அப்படி எழுதின நோட்டுகள இன்னும் வச்சிருக்காங்க, புதுசா வர்றவங்களுக்கு அதத்தான் முதல்ல படிக்கக் குடுப்பாங்க, எந்த கோர்ஸ்லயும் அவ்ளோ கிடைக்காதுன்னு நான் உறுதியா சொல்வேன். அட்ஜூடிகேட்டர்கிட்ட வாதாடாதீங்க, அப்புறம் தியேட்டர் பார்ல அவரப் பாத்தா நன்றி சொல்லிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

விருதுங்க கடைசி ராத்திரி, எல்லாக் குழுவும் ஆடி முடிச்ச பிறகு. சிறந்த நாடகம், டைரக்டர், நடிகர், நடிகை, துணைப் பாத்திரம், செட்னு ஊருக்கு ஊர் மாறும். கோப்பைங்க பெரும்பாலும் பழைய வெள்ளிக் கோப்பை, முன்னாடி ஜெயிச்ச பேரெல்லாம் செதுக்கியிருக்கும், ஒரு வருஷம் வச்சிருந்துட்டு திருப்பிக் குடுக்கணும், அதனால வாங்கின ராத்திரியே எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துடுங்க, கையெழுத்துப் போட்டு வாங்குறவர் யாருன்னு முடிவு பண்ணிடுங்க. பிரிட்டிஷ் ஃபைனல்ல ஜெயிக்கிற நாடகத்துக்கு ஹோவர்ட் டி வால்டன் பேர்ல கோப்பை, அது ரொம்பப் பழைய பேரு, அந்த வரிசைல ஒரு தமிழ்க் குழுவோட பேர் செதுக்கியிருக்கிறதப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முதல் சுற்று ஜெயிச்சீங்கன்னா அடுத்ததுக்கு சில வாரம்தான் இருக்கும். திங்கக்கிழமை காலைல முதல் வேலையா பதிப்பாளருக்கு மெயில் போடுங்க, லைசென்ஸ் ஒவ்வொரு ஷோவுக்கும் தனித்தனி, முதல் சுற்றுக்கு வாங்கினது இதுக்கு செல்லாது. அப்புறம் வேன் புக் பண்ணுங்க, அந்த நோட்டத் திறந்து வச்சிட்டு செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க.