ஈவ் ஆன்லைனுக்குக் கூட்டாக வருகிறவர்களுக்கு

நானும் என் தம்பியும் அவனுடைய நண்பனும் ஒரே நாளில் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் இணைய விளையாட்டில் கணக்குத் தொடங்கினோம். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தோம், குரலில் ஓயாமல் பேசினோம். ஆனால் சேர்ந்து விளையாடவே இல்லை. தம்பி ஒரு மூலையில் பாறை தோண்டிக்கொண்டிருந்தான். நண்பன் வேறொரு பேரரசின் எல்லைக்குள் மிஷன் ஓட்டினான். நான் கடையில் விலைப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் நண்பன் "போர் அடிக்குது" என்றான். அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தோம். இந்த விளையாட்டு நம்மைச் சேர்த்து வைக்காது, நாமாகத்தான் சேர வேண்டும் என்று புரிந்தது. எப்படிச் சேர்வது என்பதை எழுதுகிறேன். நான் பெரும்பாலும் கூட்டத்தில் மற்றவர்களுக்குப் பழுது பார்க்கும் கப்பல் ஓட்டுகிறவள். அதனால் என் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் உருவாக்கிய இது 2003 மே மாதம் வெளிவந்தது. 2016 நவம்பர் முதல் 'ஆல்பா' என்ற இலவசக் கணக்கு இருக்கிறது. சீனாவின் தனி சர்வரை விட்டால் உலகம் முழுக்க ஒரே சர்வர்தான், பெயர் ட்ராங்குவிலிட்டி. நண்பர் எந்த நாட்டில் இருந்தாலும் அதே வானத்துக்குத்தான் வருவார்.

கணக்குத் தொடங்கும்போதே ஒரு வேலை இருக்கிறது. முதலில் ஒருவர் மட்டும் சேருங்கள். அவர் தன் கணக்கிலிருந்து அழைப்பு லிங்க் எடுத்து அடுத்தவருக்கு அனுப்பட்டும். அந்த லிங்க் வழியாக வருகிற புதியவருக்குப் பத்து லட்சம் திறன் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். எங்களுக்கு இது தெரியாமல் மூவரும் தனித்தனியாகச் சேர்ந்துவிட்டோம்.

அமார், கால்டாரி, கல்லென்டே, மின்மத்தார் என்று நான்கு பேரரசுகள். எதில் பிறந்தாலும் நான்கின் கப்பல்களையும் ஓட்டப் பழகலாம், ஆகவே தோற்றம் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால் தவறில்லை. ஆனால் ஆளுக்கொரு பேரரசு எடுத்தால் முதல் நாளே பல கேட் (ஒரு நட்சத்திர மண்டலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் வாசல்) தாண்டித்தான் சந்திக்க முடியும். எல்லோரும் ஒன்றையே எடுங்கள். உள்ளே வந்ததும் ஒரு ஸ்டேஷனை (கப்பல் நிறுத்தும் விண்நிலையம்) குறித்து, அதுதான் நம் வீடு என்று முடிவு செய்யுங்கள். வாங்கும் கப்பலும் பொருளும் அங்கேயே இருக்கட்டும்.

வேறு வேறு நாட்டில் இருப்பவர்கள் நேரம் குறிக்கும்போது உங்கள் ஊர் நேரத்தைச் சொல்லாதீர்கள். விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். "ஈவ் நேரம் 15:00" என்றால் யாருக்கும் குழப்பம் வராது. தினமும் ஈவ் நேரம் 11:00 மணிக்குப் பராமரிப்புக்காகச் சர்வர் நிற்கும், அதையொட்டி எதையும் திட்டமிடாதீர்கள்.

திறன்கள் நீங்கள் விளையாடாத நேரத்திலும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆனால் ஆல்பா கணக்கில் திறன் பயிற்சி வரிசையை 24 மணி நேரத்துக்குத்தான் நிரப்ப முடியும். மொத்தம் 50 லட்சம் புள்ளிகளைத் தொட்டதும் தானாக வளர்வது நின்றுவிடும். பெரிய கப்பல் கனவைத் தள்ளி வையுங்கள். ஃபிரிகேட் எனப்படும் சிறிய கப்பலை நன்றாக ஓட்ட அந்த 50 லட்சமே தாராளம். முதல் வாரத்தில் கரியர் ஏஜென்ட்கள் (புதியவருக்குப் பாடம் சொல்லும் விளையாட்டுப் பாத்திரங்கள்) தரும் மிஷன்களை ஆளாளுக்குத் தனித்தனியாக முடித்துவிடுங்கள். கப்பலும் கொஞ்சம் பணமும் தருவார்கள், பட்டன்களும் பழகிவிடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று அடுக்கு: வெளியே ஷீல்டு (ஆற்றல் திரை), அதற்குள் ஆர்மர் (உலோகக் கவசம்), அதற்கும் உள்ளே உடல். சில கப்பல்கள் ஷீல்டை நம்பி நிற்கும், சில ஆர்மரை நம்பி நிற்கும். பழுது பார்க்கும் கருவியும் அப்படித்தான், ஒன்றுக்கு உரியது இன்னொன்றுக்கு உதவாது. எங்கள் முதல் சண்டையில் நான் கல்லென்டேயின் நவிட்டாஸில் இருந்தேன், அது ஆர்மரைச் சரிசெய்யும் கப்பல். தம்பி ஓட்டியது கால்டாரியின் மெர்லின், ஷீல்டு கப்பல்.

"அக்கா, அடி வாங்குறேன்!"

"ஷீல்டா, ஆர்மரா?"

"ஷீல்டு பாதி போச்சு!"

நான் ஆர்மர் கருவியைப் போட்டேன். அவன் ஆர்மரோ முழுசாக இருந்தது, சரிசெய்ய ஒன்றுமில்லை. ஷீல்டு தீர்ந்து ஆர்மர் உடையத் தொடங்கியபோது என் கருவி வேலை செய்தது. ஆனால் அவன் ஆர்மருக்கென்று ஒரு தகடுகூடப் பொருத்தியிருக்கவில்லை, நான் நிரப்புவதைவிட வேகமாகக் கரைந்துபோனது. இருவருமே சரியாக விளையாடினோம், இருந்தும் கப்பல் போனது. சண்டை தொடங்கும் முன்பே, கப்பல் வாங்கும்போதே நடந்த பிழை அது.

ஆகவே கடைக்குப் போகும் முன் "ஷீல்டா, ஆர்மரா" என்று கூட்டமாக முடிவெடுங்கள். மூன்று பேர் ஆர்மர் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: வேகமான ஆட்ரான் ஒருவர், எதிரியைத் தப்பவிடாமல் பிடிக்க. டிரோன் ஏவும் டிரிஸ்டன் ஒருவர், அடிக்க. நவிட்டாஸ் ஒருவர், மற்ற இருவரையும் காக்க. ஷீல்டு என்றால் காண்டார், மெர்லின், பாண்டம். பழுது பார்ப்பவர் தன் தொலைக் கருவியைத் தன்மேலேயே போட்டுக்கொள்ள முடியாது. நான்காவது ஆள் வந்தால் அவரையும் பழுது பார்க்கும் கப்பலில் ஏற்றுங்கள், இருவரும் ஒருவரையொருவர் தாங்குவார்கள். நான்காவது ஆளாக இன்னொரு துப்பாக்கி வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்து ஃபிளீட், அதாவது சேர்ந்து பறக்க விளையாட்டுக்குள் அமைக்கும் குழு. நண்பரின் பெயர்மேல் வலது கிளிக் செய்தாலே அழைக்கலாம். ஃபிளீட் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் பறப்பதைச் சேர்ந்து விளையாடுவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஃபிளீட்டுக்குள் இருந்தால் அதே சிஸ்டத்தில் (நட்சத்திர மண்டலத்தில்) நண்பர் எங்கே நின்றாலும் நேராக அவரிடம் வார்ப் செய்யலாம் (அதிவேகமாகப் பாயலாம்), 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் போதும். தலைவர் எல்லோரையும் ஒன்றாக வார்ப் செய்ய வைக்கலாம். கொள்ளையர்களை அழித்துக் கிடைக்கும் பரிசுப் பணம் அங்கே கூட இருப்பவர்களுக்குத் தானாகப் பிரியும். வாட்ச் லிஸ்டில் எல்லோர் பெயரையும் சேர்த்தால் யாருடைய ஷீல்டு, ஆர்மர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். பழுது பார்ப்பவர் மட்டுமல்ல, எல்லோரும் அதைத் திறந்து வையுங்கள்.

பிராட்காஸ்ட் பட்டனைத் தயங்காமல் அழுத்துங்கள். "ஆர்மர் தேவை" என்று அழுத்தினால் உங்கள் பெயர் என் பட்டியலில் வரும், கூட்டத்தில் தேடாமல் அதைத் தொட்டே லாக் செய்துவிடுவேன், அதாவது என் கருவிக்கு உங்களைக் குறிவைத்துவிடுவேன். எப்போது அழுத்துவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஆர்மர் பாதி போன பிறகு அழுத்தினால் காலம் கடந்துவிட்டது. நான் உங்களை லாக் செய்யவே சில நொடிகள் வேண்டும், ஃபிரிகேட் உடைவதும் சில நொடிகளில்தான். ஓவர்வியூவில் (சுற்றியுள்ளவற்றைக் காட்டும் பட்டியல்) எதிரியின் அடையாளம் மஞ்சளாக மாறினால் அவன் உங்களை லாக் செய்கிறான் என்று பொருள். அழுத்த வேண்டியது அப்போது, சிவப்பாகும்வரை காத்திருக்காதீர்கள். வீணாக அழுத்திவிட்டோமோ என்ற கூச்சமே வேண்டாம்.

சண்டை நேரத்தில் குரலில் பேச்சு குறையட்டும். எதிரியைத் தப்பவிடாமல் பிடித்தவர் "பாயிண்ட்" என்ற சொல்லையும் பிடித்த கப்பலின் பெயரையும் மட்டும் சொன்னால் போதும். யாரை முதலில் அடிப்பது என்று ஒருவர் மட்டும் சொல்லட்டும். அவர் தவறாகவே சொன்னாலும் அன்றைக்கு அதைச் செய்யுங்கள், விவாதம் ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகு.

பாதுகாப்பு பற்றி. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை ஹை செக், 0.4 முதல் 0.1 வரை லோ செக், அதற்குக் கீழே நல் செக். ஹை செக்கில் கான்கார்ட் என்ற காவல்படை இருக்கிறது. அது தாக்கியவனைத் தண்டிக்கும், தாக்குதலைத் தடுக்காது. அது வந்து சேரச் சில நொடிகள் ஆகும், 0.5 சிஸ்டத்தில் இன்னும் தாமதம். அந்த இடைவெளிக்குள் சரக்குக் கப்பலை உடைத்து அள்ளுவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் மூவரும் சேர்த்த பொருளையெல்லாம் ஒரே கப்பலில் ஏற்றி, நண்பன் ஆட்டோபைலட் போட்டுவிட்டு எழுந்துபோனான். ஆட்டோபைலட் கேட்டிலிருந்து தள்ளியே கப்பலை இறக்கிவிட்டு அங்கிருந்து மெதுவாக ஊர்ந்து போகும். அவன் திரும்பி வந்து பார்த்தபோது ஓட்டுநர் உயிர்தப்பும் முட்டை வடிவக் கலம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. மூவரின் பத்து நாள் உழைப்பு அது. அவன் மன்னிப்புக் கேட்டபடியே இருந்தான், எனக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. எல்லோர் சொத்தையும் ஒரே கப்பலில் ஏற்றாதீர்கள். சரக்கு இருந்தால் கையால் ஓட்டுங்கள், முடிந்தால் ஒருவர் ஒரு கேட் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லட்டும்.

பெரிய சந்தை ஜிட்டா சிஸ்டத்தில் இருக்கிறது. அங்கே சாட்டில் "பணம் அனுப்பு, இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்" என்று வருவது எல்லாமே ஏமாற்று, இந்த விளையாட்டின் விதியும் அதை அனுமதிக்கிறது. நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் எந்த ஒப்பந்தத்தையும் ஏற்காதீர்கள்.

கொஞ்சம் பழகியதும் மலிவான கப்பல்களில் லோ செக்குக்கு ஒரு மாலை போய் வாருங்கள். உடைந்தால் அன்றைக்கே மறுபடி வாங்க முடிகிற கப்பல் மட்டும். கேட் தாண்டியதும் அசையாமல் இருந்தால் ஒரு நிமிடம்வரை யார் கண்ணிலும் படமாட்டீர்கள். அந்த நிமிடத்தில் யாரும் நகராதீர்கள், எல்லோரும் வந்துவிட்டதாகச் சொன்ன பிறகு சேர்ந்து கிளம்புங்கள். ஒருவர் டி-ஸ்கேனை (சுற்றிலும் என்ன கப்பல்கள் இருக்கின்றன என்று காட்டும் கருவி) அழுத்திக்கொண்டே வரட்டும். அது 14.3 வானியல் அலகு தூரம் பார்க்கும், அதாவது ஏறத்தாழ 214 கோடி கிலோமீட்டர். மறைந்திருக்கும் கப்பல்கள் அதில் தெரியாது.

இன்னொன்று, பழுது பார்ப்பவர்களுக்காகவே. யாரையாவது சுட்டால் 60 நொடிகளுக்குக் கேட் தாண்ட முடியாது, ஸ்டேஷனுக்குள்ளும் போக முடியாது. சுட்டவருக்கு நீங்கள் உதவினால் அந்தத் தடை உங்களுக்கும் வரும். ஒருமுறை நண்பன் சுட்டான், நான் அவனைச் சரிசெய்தேன், தம்பி சுடவில்லை. பெரிய கூட்டம் வந்ததும் எல்லோரும் கேட்டை அழுத்தினோம். தம்பி மட்டும் போய்விட்டான், நாங்கள் இருவரும் அங்கேயே மாட்டிக்கொண்டோம். "போ" என்று சொல்லும் முன் யாருக்கெல்லாம் அந்தத் தடை ஓடுகிறது என்று கேளுங்கள். இருந்தால் கேட்டை விட்டுவிட்டு ஏதாவது ஒரு கிரகத்துக்கு வார்ப் செய்வதுதான் வழி.

சொந்தக் கார்ப்பரேஷன் (விளையாடுபவர்களின் நிலையான குழு) தொடங்கும் ஆசை சீக்கிரமே வரும். முதல் சில மாதம் வேண்டாம் என்பது என் எண்ணம். மூன்று பேருக்கு ஒரு தனிச் சாட் சேனலும் ஃபிளீட்டும் போதும். கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் 2004 முதல் புதியவர்களுக்குப் பாடம் எடுத்துவரும் ஈவ் யுனிவர்சிட்டியில் மூவரும் ஒன்றாகச் சேருங்கள். எப்போது கார்ப்பரேஷன் தொடங்கினாலும், எந்த வேலை யாருடையது என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற சிஸ்டத்தில் டைட்டன் எனப்படும் மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன, சண்டை 21 மணி நேரம் நீண்டது. அந்தச் சிஸ்டத்தின் உரிமைக்கான கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமல் போனதிலிருந்து தொடங்கியது அது.

கப்பல் போன இரவில் யாரையும் குறை சொல்லி உடனே வெளியேறாதீர்கள். பத்து நிமிடம் இருங்கள். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் தன் திரையில் பார்த்ததைச் சொல்லட்டும். அப்புறம் வீட்டு ஸ்டேஷனில் அதே கப்பலை மறுபடி வாங்கி, கருவிகளைப் பொருத்தி, திறன் வரிசையை நிரப்பி, அடுத்த சந்திப்பை ஈவ் நேரத்தில் குறித்துவிட்டு மூடுங்கள். அடுத்த முறை உள்ளே வரும்போது கப்பல் தயாராக நிற்கும், நேராகக் கிளம்பிவிடலாம்.